இரவு பத்தே முக்காலுக்கு எந்தக் கம்பெனியில் மீட்டிங்?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புகளுக்கான மெக்கானிக்கல் சீல் தயாரிக்கும் கம்பெனியில் நான் சேல்ஸ் இன்ஜினியர். வயது 33. கோயம்புத்தூர் பம்பு கம்பெனிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் என்பதால் அங்கே அடிக்கடி டூர். கூட வருபவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதவியில் ஏறக்குறைய சமம். ஆபீஸில் தங்கமான மனிதர், ஊரைத் தாண்டினால் வேறு ஆள். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறியதுமே, தண்ணீர் பாட்டிலில் கலந்து எடுத்து வந்ததைக் குடிக்க ஆரம்பித்துவிடுவார். நவம்பரில் போனபோது, காந்திபுரத்தில் எங்கள் இருவருக்கும் போட்ட ஒரே அறைக்கு உள்ளூர் நண்பர்களைக் கூட்டி வந்து ஒரு மணி வரை கச்சேரி. பையனுக்குக் காய்ச்சல் என்று அவர் மனைவி பத்தே முக்காலுக்கு என் நம்பருக்குக் கூப்பிட்டார்கள், மீட்டிங் முடியவில்லை அக்கா என்று சமாளித்தேன். மறுநாள் காலை கணபதி பகுதியில் இருக்கும் வாடிக்கையாளரிடம் போக நாற்பது நிமிடம் தாமதம். அங்கே யாரையும் கேட்காமல் எட்டு சதவீதம் விலை குறைப்பதாக வாக்குக் கொடுத்தார். பர்ச்சேஸ் மேனேஜர் முன்னால் என்னைக் காட்டி, 'இவன் சின்னப் பையன், ஒண்ணும் தெரியாது' என்று சிரித்தார். நண்பர்களோடு சாப்பிட்ட 4,860 ரூபாயை வாடிக்கையாளர் விருந்து என்று எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். மேனேஜரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வரும். என் மனைவி வேலையை மாற்றச் சொல்கிறாள். ஜனவரியில் மறுபடியும் டூர். இவரை எப்படிச் சமாளிப்பது?

- பெயர் வேண்டாம், ஆவடி

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊர் மாறி, கம்பெனி மாறி இதே ஆள் வந்துகொண்டே இருக்கிறார். எழுதுகிறவர்கள் எல்லாரும், 'ஐயோ பாவம், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை' என்று நான் ஆரம்பிப்பேன் என்று காத்திருப்பார்கள். உங்களுக்கு நான் அதைச் சொல்லப் போவதில்லை.

சின்னப் பையன் என்றதில் உங்களுக்குக் கோபம். எட்டு சதவீதத்தில் கோபம். பில்லில் கோபம். எல்லாம் நியாயம்தான். ஆனால் அவ்வளவுக்கும் நடுவில், அறையில் நடந்த கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், அவன் அம்மா கூப்பிட்டார், நீங்கள் சமாளித்தீர்கள். அடுத்த வரியில் கணபதிக்குப் போய்விட்டீர்கள்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரவு பத்தே முக்காலுக்குக் கோயம்புத்தூரில் எந்தப் பம்பு கம்பெனியில் மீட்டிங் நடக்கிறது? ராத்திரி ஷிப்டில் ஃபவுண்டரி ஓடும், மெஷின் ஷாப் ஓடும். பர்ச்சேஸ் மேனேஜர் எப்போதோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். இது உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஒரு சேல்ஸ்காரரோடு குடித்தனம் செய்கிற அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா?

கொஞ்சம் அந்தப் பக்கமாக இருந்து யோசியுங்கள். அவர் முதலில் உங்களுக்கா கூப்பிட்டிருப்பார்? கணவருக்குத்தான் அடித்திருப்பார். அடித்து அடித்துப் பார்த்து, எடுக்காமல் போன பிறகு உங்கள் நம்பரைத் தேடியிருப்பார். வேற்று ஆண் ஒருவருக்கு அந்த நேரத்தில் போன் செய்ய நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தயங்குவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தயக்கத்தையும் மீறிக் கூப்பிட்டார் என்றால் பிள்ளைக்கு உடம்பு கொதித்திருக்கிறது. அதுவும் நவம்பர் மாதம், மழைக்காலம். சென்னையில் அந்த நாட்களில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்குமோ என்றுதான் எந்தத் தாய்க்கும் முதலில் தோன்றும்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, விடியும் வரை பார்ப்பதா என்று கேட்கக் கூப்பிட்டிருப்பார். ஆபீஸில் கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்கவும் கூப்பிட்டிருக்கலாம். மீட்டிங் என்று நீங்கள் சொன்னதும் எதையுமே கேட்க முடியாமல் போய்விட்டது. மீட்டிங் நேரத்தில் தொந்தரவு செய்து புருஷன் பிழைப்பைக் கெடுக்கிறாள் என்ற பேச்சு வருமே. 'சரி தம்பி' என்று வைத்திருப்பார்.

அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. பில்லில் கடைசி அறுபது ரூபாய் வரைக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

'குடும்பத்தில் சண்டை வரக் கூடாது என்றுதான் சொன்னேன்' என்பீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். அந்த ராத்திரி நீங்கள் காப்பாற்றியது அவர் குடும்பத்தை அல்ல, அவர் கையில் இருந்த கிளாஸை. அது கூட இல்லை, அக்கா என்று கூப்பிட்டவரிடம் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்ல வேண்டிய நிலைமையிலிருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டீர்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நீங்கள் போனில் பேசியபோது அவர் அதே அறையில் இருந்தார். தன் மனைவியிடம் தனக்காக ஒருவன் பொய் சொல்வதைக் காதால் கேட்டார். மறுநாள் பில்லை நீட்டினார், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். ஏன் போட மாட்டீர்கள்? வீட்டு விஷயத்திலேயே பொய் சொன்னவன் ஆபீஸ் விஷயத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவானா என்று அவர் கணக்குப் போட்டார், அது சரியாகவும் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் சின்னப் பையன் என்று சொல்லும் துணிச்சலும் அங்கேதான் வந்தது. இவன் திருப்பிப் பேச மாட்டான் என்பது முதல் நாள் ராத்திரியே அவருக்குத் தெரிந்துவிட்டதே!

உங்கள் மனைவி வேலையை மாற்றச் சொல்கிறார் என்றால் இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். போன் வந்ததைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் வேலையை மாற்றச் சொல்வதற்கு முன்னால், 'எனக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தா உங்க கூட வர்றவரும் இதைத்தான் சொல்வாரா?' என்று கேட்டிருப்பார். இன்று போய்ச் சொல்லுங்கள்.

என்னுடைய எண்ணம் பழைய காலத்து எண்ணம், அதை மறைக்கவில்லை. ஒரு வீட்டு ஆளோடு வெளியூர் போனால் அந்த வீட்டுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கூட ஒருத்தர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அங்கே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பர்சனல் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று இப்போதெல்லாம் ஆபீஸ்களில் பாடம் எடுக்கிறார்கள். நல்லது, தலையிட வேண்டாம். போனை வாங்கி அவர் கையில் கொடுத்திருந்தால் நீங்கள் தலையிடாதவர். பொய் சொன்னபோதே தலையிட்டுவிட்டீர்கள், தப்பான பக்கத்தில்.

ஆகவே முதல் வேலை, அவரிடம் நேரில் பேசுவது. ரயிலில் வேண்டாம், லாட்ஜில் வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகு வேண்டவே வேண்டாம். வேலை நாளில் பதினோரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போவீர்கள் இல்லையா, அப்போது சொல்லுங்கள். 'சார், இனிமே அக்கா கூப்பிட்டா போனை உங்க கையில குடுத்துடுவேன். நீங்க வாங்கலைன்னா உள்ளதைச் சொல்லிடுவேன்.' இவ்வளவு போதும். குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள், பன்னிரண்டு வயது மூத்தவருக்கு அது ஏறாது. முறைப்பார், சிரிப்பார், 'என்னடா மிரட்டுறியா' என்பார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

உள்ளதைச் சொல்வது என்றால் கோள் சொல்வது இல்லை. யார் வந்தார்கள், எத்தனை ரவுண்டு போனது என்றெல்லாம் அந்த வீட்டுக்கு நீங்கள் செய்தி வாசிக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஆட்களை எனக்குக் குடிக்கிறவர்களை விடவும் பிடிக்காது. 'மீட்டிங் முடிஞ்சு ரூமுக்கு வந்துட்டோம் அக்கா. அவர் இப்ப பேசற நிலைமையில இல்லை. பிள்ளைக்கு எப்படி இருக்கு, நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்டால் போதும். நிலைமை மோசம் என்றால் 108-ஐக் கூப்பிடச் சொல்ல உங்களால் முடியும், அந்தப் பக்கம் இருக்கிற நண்பர் ஒருவரை எழுப்பி அனுப்ப முடியும்.

இரண்டாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். பையனை விசாரியுங்கள். அன்றைக்குச் சொன்னது பொய் என்று காலில் விழச் சொல்லவில்லை, அந்த அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும். வரும்போது உங்கள் மனைவியின் நம்பரைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த தடவை ராத்திரியில் அவசரம் என்றால் தயங்காமல் ஒரு பெண்ணைக் கூப்பிட அவருக்கு வழி இருக்கும். இது நீங்கள் அந்த வீட்டுக்குப் பட்ட கடன்.

இனி மேனேஜர். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயருக்குப் பயப்படுகிறீர்கள். சம்பளம் கொடுக்கிற இடத்தின் பணம் போவதைச் சொல்வதற்குப் பெயர் அது இல்லை. அவருடைய குடியைப் பற்றி மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். எட்டு சதவீதத்தைப் பேசுங்கள். உங்கள் தொழில் எனக்குத் தெரிந்த வரைக்கும், ஒரு தடவை குறைத்த விலை குறைத்ததுதான். அடுத்த ஆர்டருக்குப் பேச உட்காரும்போது, கடைசியாக வாங்கிய விலை இதுதானே என்று அங்கிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும். இனிமேல் ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும், யார் என்ன சொன்னார்கள், எந்த விலை ஆபீஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று அன்று சாயங்காலமே நாலு வரி மெயில் போடுங்கள். வாடிக்கையாளருக்கும் போகட்டும், மேனேஜருக்கும் போகட்டும், அவருக்கும் போகட்டும். ஒளிவுமறைவே இல்லாதபோது யார் உங்களைக் கோள்சொல்லி என்பது?

4,860 ரூபாய்க்கு நான் இரக்கப்பட மாட்டேன். நீங்கள் இன்ஜினியர், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். நாளைக்கு ஆடிட்டில் மாட்டினால் விசாரணையில் இரண்டு பேர் பெயரும்தான் வரும், சீனியர் சொன்னார் என்பது அங்கே செல்லாது. அக்கவுண்ட்ஸுக்குப் போய், அந்த விருந்தில் வாடிக்கையாளர் யாரும் இல்லை, என் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். போவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

ரயில் விஷயத்தையும் நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ரயிலில் குடித்திருப்பதே 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 145-வது பிரிவின்படி குற்றம். இறக்கிவிடலாம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எதிர் பெர்த்தில் குழந்தையோடு வருகிற யாராவது ரயில்வே உதவி எண் 139-க்கு ஒரு போன் போட்டால் சேலத்திலோ ஈரோட்டிலோ நள்ளிரவில் அவரோடு சேர்ந்து நீங்களும் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஊரைத் தாண்டினால் வேறு ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. சேரன் சென்ட்ரலிலிருந்து கிளம்புவது பத்து மணி வாக்கில். அதற்குள் வாங்கி, கலந்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஏறுகிறவருக்குச் சென்னையிலேயே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வீட்டிலும் ஆபீஸிலும் மறைக்கத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வியாதி என்ற நிலைமைக்குப் போய்விட்டதா என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் என்றைக்காவது அவரோ அந்த அம்மாவோ வாய் திறந்து கேட்டால் சொல்வதற்கு ஓர் இடம் தெரிந்திருக்கட்டும். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. குடிக்கிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பாமல் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுகிற இடம். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன. அவர்கள் கேட்காமல் நீங்களாகப் போய் நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.

வேலையை மாற்றுவதா? சம்பளம் கூடக் கிடைத்தால் மாற்றுங்கள், அது வேறு விஷயம். இவருக்குப் பயந்து மாற்றாதீர்கள். அடுத்த கம்பெனியிலும் டூர் இருக்கும், கூட ஒருவர் வருவார், அவருக்கும் ஒரு வீடு இருக்கும். ஜனவரி டூருக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை என்றால் காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் போடுங்கள், மத்தியானம் போய் இறங்கிவிடலாம். தனி அறை வேண்டும் என்று மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். செலவு ஜாஸ்தி என்று அவர் மறுத்தால், இந்த ஒரு தடவை உங்கள் பேட்டாவிலிருந்து போட்டாவது தனி அறை எடுங்கள். போனை மட்டும் ராத்திரி சைலன்ட்டில் போடாதீர்கள்.