பாத்திரன் என்றார்கள், பாத்திரன் அல்ல என்றான்

வாசகர் கேள்வி – பதில்

பெருமை, தாழ்மை, விசுவாசம் – இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் சுற்றித்தான். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி: "விசுவாசத்தோடு அறிக்கை செய்யுங்கள், இந்த வருஷம் சொந்த வீடு உங்களுடையது" என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். நானும் தினமும் சொல்லி வருகிறேன். என் மாமியாரோ, "இது விசுவாசமில்லை, திமிர்" என்கிறார். தாழ்மையாக இருப்பதென்றால் உறுதியாகக் கேட்கவே கூடாதா? – வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். தாழ்மைக்கும் விசுவாசத்துக்கும் சண்டையே இல்லை. விசுவாசத்துக்கு எதிரி பெருமைதான். ஆபகூக் 2:4-ஐப் பாருங்கள். "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற பின்பாதி நம் எல்லாருக்கும் மனப்பாடம். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எடுத்துக் காட்டியதும் அதைத்தான். முன்பாதியை யாரும் சட்டமடித்து மாட்டுவதில்லை: "இதோ, அகங்காரியாயிருக்கிறானே, அவனுடைய ஆத்துமா அவனுக்குள் செம்மையானதல்ல." விசுவாசிக்கு எதிரே தீர்க்கதரிசி நாத்திகனை நிறுத்தவில்லை, அகங்காரியை நிறுத்துகிறான். ஒருவன் தன் மேலேயே சாய்ந்து நிற்கிறான், மற்றவன் கர்த்தர் மேல் சாய்ந்து நிற்கிறான்.

இரண்டும் ஒரே ஆளிடம் கூடி வருவதை லூக்கா 7-இல் பார்க்கலாம். கப்பர்நகூமில் ஒரு நூற்றுக்கு அதிபதி, ரோமப் படை அதிகாரி. அவன் வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். யூதரின் மூப்பர்கள் அவனுக்காக இயேசுவிடம் சிபாரிசு செய்கிறார்கள்: "நீர் இந்தத் தயவு செய்கிறதற்கு அவன் பாத்திரனாயிருக்கிறான்." காரணமும் கொடுக்கிறார்கள். நம் ஜனத்தை நேசிக்கிறான், ஜெபஆலயம் கட்டித் தந்தான். இன்றைக்கு மின்விசிறியில் 'உபயம்' என்று எழுதும் அதே கணக்கு! அவனோ சிநேகிதரை அனுப்பி, "நீர் என் வீட்டு வாசலுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல" என்கிறான். அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் பணிவுதான். "ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும், அப்பொழுது என் வேலைக்காரன் சொஸ்தமாவான்" என்று அடுத்த மூச்சிலேயே கேட்கிறான். கட்டிய ஆலயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் தகுதியை அவன் கீழே போட்டதால் அவன் வேண்டுதல் சிறுக்கவில்லை. நேரில் வரக்கூட வேண்டாம், சொன்னால் போதும் என்கிற அளவுக்குப் பெருத்தது. இஸ்ரவேலுக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு ஆச்சரியப்பட்டது இதற்குத்தான். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் எல்லாரும் சொல்லும் ஜெபம் இவன் வாயிலிருந்து வந்ததே.

ஆகவே உங்கள் அறிக்கையில் பாரம் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். 'நான் இத்தனை நாள் சொன்னேன், அதனால் கிடைக்கும்' என்றால் அது ஜெபஆலயக் கணக்கு. வருஷம் முடிந்து வீடு வராவிட்டால், 'என் விசுவாசம் போதவில்லை' என்று உங்களையே அடித்துக்கொள்வீர்கள். அது தாழ்மைபோல் தெரியும். உண்மையில், விசுவாசத்தையும் ஒரு காசாக்கி, 'குறைவாகப் போட்டுவிட்டேன்' என்று வருந்துவதுதான் அது. வீட்டைப் பேர் சொல்லியே கேளுங்கள், எத்தனை அறை என்றுகூடச் சொல்லுங்கள். பின்பு, "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்ற யாக்கோபு 4:15-ஐயும் சேருங்கள், தப்பிக்க ஒரு சந்தாக அல்ல, கெத்செமனே தோட்டத்தில் 'என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே' என்று ஆண்டவர் சொன்ன மாதிரி. கடன் தவணை சம்பளத்துக்குள் அடங்குமா என்று பேனா பிடித்துக் கணக்கும் போடுங்கள். அதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. மாமியார் சொன்ன வார்த்தை கொஞ்சம் கடுமைதான், ஆனால் அவர் மூக்கு சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறது.

கேள்வி: இருபத்திரண்டு வருஷமாக ஆலயப் பாடகர் குழுவில் இருக்கிறேன். இந்த முறை கேரல் ஆராதனையில் என் சோலோவை ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதமாகப் பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டில் "பெருமை" என்கிறார்கள். எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான். – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வலி பாவமல்ல சகோதரி. ஆனால் "என் சோலோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "என்"னில் விரலை வையுங்கள். ஒரு சோதனை சொல்கிறோம். அந்தப் பெண் மேல் ஸ்தாயியில் சற்றுப் பிசகினாள் என்று யாராவது வந்து சொன்னால், உள்ளே துளி இனிப்பாக இருக்குமா? இருந்தால், வலியோடு வேறொன்றும் குடியேறிவிட்டது.

அடுத்த பயிற்சிக்குப் போங்கள். நேரத்துக்குப் போய், குழு வரிசையில் உங்கள் இடத்தில் உட்காருங்கள். குழுத் தலைவரிடம் தனியாக, ஒரே தடவை, "இது எனக்கு வருத்தமாக இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். மறைப்பது தாழ்மையல்ல, ஊறப்போடுவதுதான். மூன்றாவது ஆளிடம் வேண்டாம். பயிற்சிக்கு முந்தைய ஏழு நாளும் அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லி ஜெபியுங்கள். நீண்ட வரிக்கு முன் எங்கே மூச்சு எடுப்பது என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "வேணும்னா சொல்லித் தர்றேன்மா" என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

இதில் பெரும்பாலும் சறுக்குவது எங்கே தெரியுமா? போவார்கள், ஆனால் "எனக்கென்ன, நான் ஒரு ஓரமா நின்னுக்கிறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்வார்கள். லூக்கா 14-இல் ஆண்டவர், விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் கூப்பிடுகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தால் அது முதல் இடம்தான்.

"மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று பேதுரு எழுதுகிறாரே (1 பேதுரு 5:5), அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வது என்று பொருள். அடிமைகள் வேலைக்காகக் கட்டிய மேல்துணியின் பெயரோடு சேர்ந்த சொல் அது. ஆண்டவர் இடுப்பில் துணி கட்டிப் பேதுருவின் காலைக் கழுவினாரே, அதைப் பார்த்தவர் எழுதியது. ஆலயத்துக்கு உடுத்தும் பட்டு அல்ல, சமையல்கட்டில் இடுப்பில் செருகும் துணி. அடுத்த இரண்டு வசனங்களும் – "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்", "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" – தமிழில் இரண்டு வாக்கியம், கிரேக்கத்தில் ஒன்றே. கவலையை அவர்மேல் வைப்பதுதான் அடங்கியிருக்கும் விதம். 'இனி என்னை யார் மதிப்பார்கள்' என்பதும் அந்தக் கவலைகளில் சேர்த்திதான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறேன். யாராவது "பிரதர் பெரிய ஜெபவீரர்" என்றால் உள்ளுக்குள் குளிர்கிறது. பிறகு குற்றவுணர்வு. உபவாசத்தையே விட்டுவிடலாமா? – வாசகர், மதுரை

பதில்: விடவேண்டாம். விட்டால், 'பெருமை வருமென்று உபவாசத்தையே விட்டவன்' என்று ஒரு புதுப் பெருமை முளைக்கும். நான்காம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியு என்ற துறவி, எட்டுக் கெட்ட எண்ணங்களைப் பட்டியலிட்டபோது வீண்புகழ்ச்சியையும் பெருமையையும் தனித்தனியாக வைத்தார். முதலாவது மனிதரின் கைதட்டலுக்கு ஏங்குவது. இரண்டாவது, தேவனுடைய உதவியை மறுத்து, நற்செயலுக்கெல்லாம் தானே காரணம் என்று நினைப்பது. உங்களுக்கு வந்திருப்பது முதலாவது. அவர் வழிவந்த யோவான் காசியன், பெரியவர்கள் இதை வெங்காயத்துக்கு ஒப்பிட்டதாக எழுதிவைத்தார். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொன்று. நல்ல உடையால் வராவிட்டால் கந்தலால் வரும், பேச்சால் வராவிட்டால் மௌனத்தால் வரும்.

மருந்து மத்தேயு 6:16-18-இல் இருக்கிறது: தலைக்கு எண்ணெய், முகத்துக்குத் தண்ணீர். அன்றும் வழக்கம்போலச் சவரம் செய்யுங்கள், வழக்கமான சட்டையைப் போடுங்கள். அலுவலகத்தில் டீ வந்தால் "இப்ப வேண்டாம்" போதும், "இன்னைக்கு உபவாசம்" வேண்டாம். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அதைப் போடாதீர்கள். யாராவது புகழ்ந்தால் "நன்றி" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். "ஐயோ, நானெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றால், அவர் இன்னொரு சுற்றுப் புகழ வேண்டிவரும். குளிர்ந்த மனசைத் துருவிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அதுவும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

கேள்வி: கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் "தகுதியில்லை" என்று மறுத்துவிடுவேன். சரிதானே? – வாசகர், கோவை

பதில்: "நான் வாக்குவல்லவன் அல்ல" என்று மோசே ஒருமுறை சொன்னபோது கர்த்தர் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகும் நழுவியபோது கோபமூண்டது (யாத்திராகமம் 4:10-14). சரியாக வராவிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பல நேரம் தாழ்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அடுத்த முறை நாலே வாக்கியத்தில் ஜெபித்து உட்காருங்கள்.

கேள்வி: சபைக் கமிட்டியில் ஒரு மூத்த சகோதரரை எல்லார் முன்பும் கடிந்துவிட்டேன். பிறகு, "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க அண்ணே" என்று சொல்லியும் அவர் முகம் கொடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன செய்ய? – வாசகர், தூத்துக்குடி

பதில்: "ஏதாவது", "பேசியிருந்தா" – இந்த இரண்டு சொல்லும் மன்னிப்பைத் தின்றுவிட்டன, தம்பி. தப்பு நடந்ததா என்பதையே சந்தேகத்தில் நிறுத்துகின்றன. அண்ணன் அதைக் கேட்டிருப்பார்.

சவுல் ராஜாவும் தாவீது ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்ற ஒரே சொல்லைச் சொன்னவர்கள். சவுல், ஜனங்களின் சத்தத்துக்குப் பயந்துதான் கர்த்தருடைய கட்டளையை மீறினேன் என்று காரணம் சொன்னான். கடைசியில், "என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகவும் இஸ்ரவேலுக்கு முன்பாகவும் நீர் என்னைக் கனம்பண்ணி" என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் கேட்டான் (1 சாமுவேல் 15). ராஜ்யம் போகிறது என்று கேட்ட பிறகும் மேடை மரியாதை போகக் கூடாது. தாவீதோ, தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய நாத்தான் தீர்க்கதரிசியிடம், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான். காரணமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை.

நேரில் போங்கள், போன் வேண்டாம். செய்ததை அப்படியே சொல்லுங்கள்: "அன்னைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உங்களைச் சத்தம் போட்டேன். அது தப்பு. மன்னிச்சிருங்க அண்ணே." அவ்வளவுதான். "ஆனா" என்ற சொல் வாய்வரைக்கும் வரும், முழுங்கிவிடுங்கள். அவர் பக்கம் பிழை இருந்திருந்தால் அதை வேறொரு நாள் பேசலாம். எல்லார் முன்பும் நடந்ததால், அடுத்த கமிட்டியிலும் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லவேண்டும். அவர் உடனே மன்னிக்காமல் போகலாம். அது அவருடைய வேளை, நீங்கள் துரிதப்படுத்தக் கூடாது. "நான் கேட்டுட்டேன், இனி அவர் பாடு" என்று ஊரில் சொல்லித் திரிந்தால் எல்லாம் வீண்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். "தாழ்மையாகப் பொறுத்துக்கொள்" என்று மூத்த சகோதரிகள் சொல்கிறார்கள். – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: அவர்கள் சொல்வது தவறு. பிரதான ஆசாரியன் முன் சேவகன் அறைந்தபோது ஆண்டவர், "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). விசாரியாமல் அடித்த பிலிப்பி அதிகாரிகள் தாங்களே வந்து சிறையிலிருந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று பவுல் சொன்னார் (அப்போஸ்தலர் 16:37). தாழ்மை என்பது நாமாகக் கட்டிக்கொள்ளும் துணி, இன்னொருவர் நம் வாயில் திணிக்கும் துணி அல்ல. முதலில் பாதுகாப்பான இடம். தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, அழையுங்கள்.

கேள்வி: பெருமையைக் குறைக்க நாள்தோறும் செய்கிற மாதிரி ஏதாவது பயிற்சி? பொதுவான அறிவுரை வேண்டாம். – வாசகர், திருச்சி

பதில்: கத்தோலிக்கத் துறவி லொயோலா இக்னேஷியஸ் (1491–1556) கொடுத்த ஒரு பயிற்சி இருக்கிறது. எந்தச் சபையாரும் செய்யலாம். ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ளவேண்டும். காலையில் எழுந்ததும் அதைக் குறித்து விழிப்பாயிருக்கத் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறையும், எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணவேண்டும். தாளில் நாளுக்கு இரண்டு கோடு, ஏழு நாளுக்குப் பதினான்கு. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. விழுந்த அந்தக் கணத்தில் நெஞ்சில் கைவைக்கவும் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

'பெருமை' என்று தலைப்பு வைத்தால் எண்ண முடியாது. எண்ணக்கூடிய ஒன்றை எடுங்கள்: மற்றவர் பேசும்போது குறுக்கே விழுவது, கேட்காமலே மகனின் மதிப்பெண்ணைச் சொல்வது, போட்ட படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போனைத் திறப்பது. முதல் இரண்டு நாள் புள்ளி கூடும். பயப்படவேண்டாம், கண் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாளிலிருந்து 'இனி என்னால் முடியும்' என்று தோன்றினால், எண்ணுவதற்கு முன் லூக்கா 18-இல் வரும் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ஜெபத்தைச் சொல்லுங்கள்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அந்த ஜெபம் இல்லாமல் புள்ளி மட்டும் வைத்தால், அதே கதையில் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்ததை எண்ணிச் சொன்ன பரிசேயனின் நோட்டுப் புத்தகமாகிவிடும் அது. ஏழாம் நாள் இரவு புள்ளிகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம், எங்களுக்கும்தான்.