பேப்பரையும் வீட்டில் கிடக்கும் பொருள்களையும் வைத்து, நிஜமாகவே எறியும் குட்டிக் கவண்பொறி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். போன கோடை விடுமுறையில் ஏழாவது படிக்கும் என் மகளும் நானும் செய்தோம். செய்தித்தாள், மைதா பசை, நூல், ரப்பர் பேண்ட், ஒரு சோடா மூடி, ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பி, எறியக் கொஞ்சம் கொண்டைக்கடலை, இவ்வளவுதான் தேவை.

பேப்பர் குழல் சுற்றுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. தாளின் ஒரு மூலையில் சைக்கிள் ஸ்போக் கம்பியை வைத்து, மூலைவாட்டில் இறுக்கிச் சுருட்டுங்கள். கடைசி மூலையில் பசை தடவி ஒட்டிவிட்டுக் கம்பியை உருவிவிடலாம். ஓர் இரவு காயவேண்டும். நாங்கள் அவசரப்பட்டு ஈரத்தோடு கட்டிய முதல் குழல் நடுவில் மடங்கிவிட்டது. நன்றாகக் காய்ந்ததை நகத்தால் தட்டினால் மரக்குச்சி மாதிரி 'டக்'கென்று சத்தம் வரும்.

20 செ.மீ. குழல் இரண்டு, குறுக்கே 10 செ.மீ. குழல் மூன்று. தரையில் படுத்த ஏணி மாதிரி நூலால் கட்டிப் பசை போடுங்கள். ஏணியின் முன்பாதியில், இரண்டு நெடுங்குழல்களையும் சேர்த்து நான்கு ரப்பர் பேண்டுகளை மாட்டி, அவற்றின் நடுவே 15 செ.மீ. குழல் ஒன்றைச் செருகி ஆறேழு சுற்று முறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் குழலை மேலும் கீழும் இழுத்துப் படிகளுக்கு இடையே நுழைத்து எடுக்கவேண்டும், பொறுமையாகச் செய்யுங்கள். இதுதான் பொறியின் கை. அதன் நுனியில் சோடா மூடியை ஒட்டிவிடுங்கள். மூடிக்குள் கொண்டைக்கடலையை வைத்து, கையைப் பின்னால் இழுத்து விட்டால் எறியும்.

அடுத்து, கையைத் தடுத்து நிறுத்தும் சட்டம். பலரும் தவறுவது இங்கேதான், நாங்களும் தவறினோம். ரப்பருக்கு நேர் பக்கத்தில் இரண்டு கால் நட்டு மேலே குறுக்குக் குழல் கட்டினோம். கை செங்குத்தாக நின்றது. கொண்டைக்கடலை ஒரு மீட்டர்கூடப் போகவில்லை. "அப்பா, இது தரையைப் பார்த்துதான் எறியுது" என்றாள் மகள். அவள் சொன்னது சரி. கைக்குச் செங்குத்தான திசையில்தான் கடலை கிளம்பும். கை நேராக நின்றால் அது கிடையாகத்தான் போகும். அதனால் கால்களை 7 செ.மீ. பின்னால் தள்ளி, குறுக்குக் குழலையும் 7 செ.மீ. உயரத்துக்கு இறக்கினோம். கை பாதிச் சாய்விலேயே நின்றது, கடலை 45 பாகையில் மேலே எழும்பி மூன்று மீட்டர் தள்ளி விழுந்தது! கால்கள் முன்னால் சாயாமல் இருக்க காலுக்கொரு முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கசக்கிய பேப்பர் உருண்டையைக் காற்றே தடுத்துவிடும், பாதி வழியில் விழும். கல், கோலிக்குண்டு வேண்டவே வேண்டாம். எறியும்போது யாரும் எதிரே நிற்கக் கூடாது.

எறிந்ததும் பொறியின் பின்பக்கம் துள்ளும். முறுக்கிய கயிற்றால் கல்லெறிந்த தங்கள் பொறிக்கு உரோமானியர்கள் 'ஓனகர்', அதாவது காட்டுக்கழுதை என்று பெயர் வைத்தது அந்த உதையைப் பார்த்துத்தான் என்பார்கள். பின்படியின் மேல் ஒரு தடிமனான புத்தகத்தை வையுங்கள், நின்றுவிடும்.

விளையாடி முடித்ததும் முறுக்கை அவிழ்த்துவிடுங்கள். அப்படியே இரவு முழுக்க விட்டால் ரப்பர் தளர்ந்துபோகும். காலையில் கை எழும், கடலை மூடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.