நோட்டில் தேதி போடுங்கள்

"தாவரவியலில் பிஎச்.டி. சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. திசு வளர்ப்பில், அதாவது செடித் துண்டைக் குழாயில் வைத்துச் செடியாக வளர்ப்பதில், ஆராய்ச்சி. காலை ஒன்பது மணிக்கு லேபுக்குப் போனால் ஹாஸ்டல் திரும்ப இரவு எட்டாகிறது. ஆனாலும் இந்த வாரம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கைடு 'நிறைய படி' என்கிறார், எதைப் படிப்பது? ஆராய்ச்சிக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை ஒரு மாதம்கூட வரவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது, மேடம்?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள மகளுக்கு,

'சொல்லத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். என் முதல் வருடம் நினைவுக்கு வந்தது. எம்.எஸ்சி. வரை டைம்டேபிள் இருக்கும், இன்டர்னல் இருக்கும், பரீட்சைத் தேதி இருக்கும். பிஎச்.டி.யில் மணி அடிக்க ஆள் இல்லை. நன்றாகப் படித்து வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

ஐந்து வருடத்துக்கு இப்போதே அட்டவணை போட வேண்டாம். செடி நம் அட்டவணையைப் பார்த்து வளராது. வாரத்தைக் கையில் எடுங்கள். அதற்கு முதலில் வேண்டியது ஒரு நோட்டு. கெட்டி அட்டை போட்டது, பக்க எண் உள்ளது. லேபில் எதைத் தொட்டாலும் அன்றைக்கே, பேனாவால், தேதி போட்டு எழுத வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நானும் திசு வளர்ப்புதான். முதல் மூன்று மாதம் கையில் கிடைத்த துண்டுத் தாளில் எல்லாம் குறித்து வைத்தேன். துண்டு வளர்வதற்கான சத்துக் கூழை, மீடியம் என்போம், தயாரிப்பேன், அதில் கணுத்துண்டு வைப்பேன், ஐந்தாம் நாள் பார்த்தால் பஞ்சடைப்புக்குக் கீழே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். என் கை சுத்தமில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன். ஒருநாள் கைடு கேட்டார்: "கெட்டுப்போனது எந்த நாள் மீடியம்?" பதில் இல்லை. அன்றுதான் நோட்டு வாங்கினேன். ஆறே வாரத்தில் விடை கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஆட்டோகிளேவ் செய்த, அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிய, குழாய்கள் மட்டுமே கெட்டிருந்தன. வாரக் கடைசி என்று அன்று எல்லோரும் ஒரே தடவையில் அடுக்கித் திணிப்போம். முள் 15 பவுண்டு அழுத்தத்தைக் காட்டும், 121 டிகிரியும் காட்டும். ஆனால் இடைவெளியே இல்லாததால் நடுவில் இருக்கும் குழாய்களுக்கு நீராவி சரியாகப் போய்ச் சேரவில்லை. செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். அந்த மூன்று மாதத் தாள்களில் தேதி இருந்திருந்தால் அத்தனை அழுகை மிச்சம்.

வெள்ளி மாலை நோட்டைப் புரட்டி ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன ஆனது, அடுத்த வாரம் என்ன. அதைக் கைடுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் அனுப்புங்கள். செமஸ்டருக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நிற்க வேண்டுமே, அன்றைக்கு இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும்.

எதைப் படிப்பது? இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் உங்கள் கைடிடம் முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகள் இருக்கிறதா பாருங்கள். இரண்டு போதும். செய்முறை அத்தியாயத்தை வரி வரியாகப் படியுங்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் கட்டுரைகள்தான் நீங்கள் முதலில் படிக்க வேண்டியவை. துண்டு வைத்துவிட்டுத் துளிருக்காக மூன்று நான்கு வாரம் காத்திருப்பீர்கள் அல்லவா, படிப்புக்கான நேரம் அதுதான். கோர்ஸ் ஒர்க் என்கிற பாட வகுப்புகளை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

பணம். ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. ஆனால் பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையத்தில் உறுதிப்படுத்தினால்தான் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விடுவிக்கும். நான்கு மாதம் வரவில்லை என்றால், சேர்ந்ததற்கான அறிக்கை ஏறியிருக்கிறதா என்று செக்‌ஷனில் நேரில் போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது நீங்கள் பரீட்சை எழுதி வாங்கியது. பாக்கி மொத்தமாக வரும்போது மூன்று மாத மெஸ் பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். மறுபடியும் தாமதமாகும்.

அப்புறம், கல்யாணம். வேண்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு வரும்போது கையில் விவரம் இருக்கட்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு மொத்தமாக 240 நாள் விடுப்பும் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டதால் படிப்பு நின்றுபோன மாணவிகளை எனக்குத் தெரியும். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அடுத்த முறை அம்மா திருச்சிக்கு வந்தால் லேபுக்கு அழைத்துப் போங்கள். குழாய்க்குள் இருக்கும் அரை அங்குலத் துளிரைக் காட்டுங்கள். என் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு 'எப்போ முடியும்' என்று ஊரில் யார் கேட்டாலும் அவரே சொல்லிவிடுவார்: "இன்னும் வேர் விடணும், கொஞ்சம் பொறுங்க."