உன்னிச்சைக் குளத்தை மழைக்கு முன்பே திறந்துவிட்டால் வெள்ளம் வராதா?

ஓரளவு குறையும், அவ்வளவுதான். உன்னிச்சைக் குளம் வயலுக்கும் மட்டக்களப்பின் குடிநீருக்கும் நீர் தருவது. மார்கழியில் வான்கதவை, அதாவது மிகை நீரை வெளியேற்றும் கதவைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு, அப்புறம் மழை ஏமாற்றினால் சிறுபோகம், அதாவது கோடைகால நெற்செய்கை போச்சு. பொறியியலாளரைத் திட்டுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும் மழை இன்னும் கடுமையாகும். பழைய மழைக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. முன்னறிவிப்பைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே திறப்பதே நல்லது என்பேன்.

சரி, திறந்த நீர் எங்கே போகும்? மட்டக்களப்பு வாவிக்குத்தான். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் அது கடலுக்குப் போகாமல் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைத் தாழ்நிலங்களில் தேங்கும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதையும் வான்கதவோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.