280 நானோமீற்றரில் ஊசி ஊசியாக எழுவது குமிழிதான்

அந்த ஊசிகள் புரதம் இல்லை, காற்றுக் குமிழி. புரதத்தைச் சுத்திகரிக்கையில், பெரிய கொலத்துக்கு (பிசின் மணிகள் அடைத்த குழாய்) மாறியதிலிருந்து 280 நானோமீற்றர் ஒளி உறிஞ்சலைக் காட்டும் கோடு ஊசிகளாக எழுகிறது, கருவி அதைப் புரதம் என்று எண்ணித் தவறான இடத்தில் சேகரிக்கத் தொடங்குகிறது என்கிறீர்கள். பஃபரை (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) குளிர் அறையிலிருந்து எடுத்த கையோடு ஓட்டுகிறீர்கள், காரணம் பெரும்பாலும் அதுதான். குளிர்ந்த நீரில் காற்று அதிகம் கரையும். மட்டக்களப்புச் சூட்டில் குழாயில் போகப் போக அது வெளியே வரும். ஒரு லீற்றர் போத்தல் மேசையிலேயே சூடாகிவிடும். பெரிய கலன் மணிக்கணக்கில் குளிராகவே கிடக்கும். அதனால்தான் சின்ன அளவில் இது தெரியவில்லை.

சோதிக்க, 600 நானோமீற்றரையும் சேர்த்துப் பதியுங்கள். நிறமற்ற புரதம் அங்கே ஒளியை உறிஞ்சாது. குமிழி இரண்டிலும் ஒரே கணத்தில் எழும். எழுந்தால் பஃபரை முதல் நாளே வெளியே எடுத்து, வாயு நீக்கி, வடிகட்டி மூடி வையுங்கள். மாதிரி மட்டும் குளிரிலேயே இருக்கட்டும். கொலத்துக்கு முன் குமிழிப் பொறி (காற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு கலன்) கட்டாயம் வேண்டும். காற்று கொலத்தின் பிசின் படுக்கைக்குள் போனால் அதைத் திரும்ப அடைக்க நேரிடும், பிசின் விலைக்கு அது பெரிய இழப்பு.

ஒன்று கவனம்: ஒளி உணரிக்குப் பின்னால் அழுத்தத் தடை போட்டால் ஊசிகள் குறையும், ஆனால் அந்த அழுத்தம் கொலத்திலும் ஏறும். கொலம் தாங்கும் அழுத்த வரம்பைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 600இல் வருவது அகலமான மேடு என்றால் புரதம் திரள்கிறது, அப்புறம் உப்பையும் பிஎச்சையும்தான் பார்க்க வேண்டும்.