ஹீலியம் சிலிண்டருக்கு முன் அரை மணி நேரம்

கேள்வி: எங்கள் பட்டறை வேக்குவம் பர்னஸின் (காற்றை வெளியேற்றிச் சூடேற்றும் உலை) கொள்ளளவு 1,000 லிட்டர். காற்றை உறிஞ்சும் ரோட்டரி பம்பும் அதற்குத் துணையான ரூட்ஸ் பம்பும் (நொடிக்கு 70 லிட்டர்) ஓடியும் பிரஷர் 0.02 மில்லிபாருக்குக் கீழே இறங்க மறுக்கிறது. முன்பு 0.005 வரை போகும். கதவு ஓ-ரிங்கை (ரப்பர் வளைய சீல்) மாற்றியும் பலனில்லை. ஹீலியம் டெஸ்ட் (வெளியே ஹீலியம் விட்டு, லீக் வழியே உள்ளே புகுவதை டிடெக்டரால் பிடிப்பது) செய்துவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: செய்யலாம், ஆனால் லீக் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மெயின் வால்வை மூடிவிட்டுப் பம்பை மட்டும் ஓட்டுங்கள். அதன் வாயிலேயே பிரஷர் இறங்கவில்லையென்றால் கோளாறு பம்பில்தான். ஆயிலை மாற்றி, கேஸ் பேலஸ்ட்டை (பம்புக்குள் சிறிது காற்று விட்டு ஈரத்தை வெளியேற்றும் வால்வு) திறந்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

பம்ப் நன்றாக இருந்தால், பர்னஸ் குளிர்ந்து, காலியாக, காய்ந்திருக்கும்போது வேக்குவம் இழுத்து வால்வை மூடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை கேஜைக் குறித்து, 30 நிமிடத்துக்கு வரைபடம் போடுங்கள். கோடு நேராக ஏறினால் லீக். வேகமாக ஏறி வளைந்து படுத்தால், உள்ளே இன்சுலேஷனில் ஈரம் இருக்கிறது. சூடேற்றிக் காய வையுங்கள். அடைத்த துளையில் முறுக்கிய போல்ட்டின் அடியில் சிக்கிய காற்றும் இப்படித்தான் மெல்லக் கசியும், ஹீலியத்துக்கு அகப்படாது. அங்கே நடுவில் துளையுள்ள போல்ட் போடுங்கள்.

லீக்கின் அளவும் கணக்கிடலாம் (கொள்ளளவு × பிரஷர் ஏற்றம் ÷ நொடிகள்): 10 நிமிடத்தில் 0.6 மில்லிபார் ஏறினால், 1000 × 0.6 ÷ 600, அதாவது நொடிக்கு 1 மில்லிபார் லிட்டர். இது பெரிய லீக். நல்ல பர்னஸில் ஒரு மணி நேரத்துக்கே சுமார் 0.013 மில்லிபார்தான் ஏறும்.

லீக் உறுதியானால் ஹீலியம் டிடெக்டரை ரூட்ஸுக்கும் ரோட்டரிக்கும் நடுவிலுள்ள லைனில் இணையுங்கள். ரோட்டரியின் புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே போகட்டும், ஃபேனை நிறுத்துங்கள். ஹீலியம் விடும் குழாயின் முனையைத் தண்ணீரில் வைத்தால் குமிழி ஒவ்வொன்றாக வரவேண்டும். அதற்கு மேல் ஹீலியம் வேண்டாம். அது மேலே எழும் வாயு. கீழிருந்து தொடங்கினால் மேல் ஜாயிண்ட்டில் புகுந்து இடத்தை மாற்றிக் காட்டும். ஆகவே உச்சியிலிருந்து இறங்குங்கள். ஒரு இடத்துக்கும் அடுத்ததற்கும் முக்கால் நிமிட இடைவெளி விடுங்கள். சந்தேகமான ஜாயிண்ட்டை பாலிதீன் பையால் மூடி உள்ளே ஹீலியம் விட்டால் ஐயம் தீரும். நிமிடங்கள் கழித்து மெல்ல ஏறும் சிக்னல் ஓ-ரிங் ரப்பர் வழியே ஊடுருவுவதாக இருக்கலாம். அதை லீக் என்று துரத்தாதீர்கள்.

முதலில் தெர்மோகப்பிள், எலக்ட்ரோடு நுழைவிடங்களையும் வால்வு ஷாஃப்ட் சீல்களையும் பாருங்கள். கூலிங் ஜாக்கெட் வெல்டிங்கில் சந்தேகம் இருந்தால் தண்ணீரை வடித்து, காற்றடித்து நன்றாகக் காயவைத்த பிறகே ஜாக்கெட்டுக்குள் ஹீலியம் விடுங்கள். ஈரம் நுண்துளையை அடைத்து லீக்கை மறைத்துவிடும்.

கதவில் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தின் நீளவாக்கிலான கீறல் பெரும்பாலும் பொருட்டில்லை. குறுக்குக் கீறல்தான் காற்றுக்கு வழி, புது ஓ-ரிங்காலும் அடைபடாது. ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் அதே கதைதான். கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள்; அப்பினால் லீக் சில நாள் மறைந்து, பிறகு திரும்ப வரும்.