வரலாற்று ஆய்வுக்கு டிஜிட்டல் வரைபடம் எந்த அளவுக்கு உதவும்? கணினி படிக்காதவர்களாலும் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நான் தமிழ் படித்தவள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஊர்களைச் சில ஆண்டுகளாக க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் குறித்து வருகிறேன். காசு கட்டத் தேவையில்லாத மென்பொருள். புள்ளி வைப்பது, அடுக்கு போடுவது (ஒவ்வொரு வகைத் தகவலையும் தனித் தாள்போல ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பது), பழைய நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்து இன்றைய நிலத்தின் மேல் பொருத்துவது எல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

எந்த அளவுக்கு உதவும் என்பதற்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன். சோழர் கல்வெட்டு ஓர் ஊரை, வளநாடு என்ற பெரிய பிரிவு, நாடு என்ற ஊர்த் தொகுதி, பிறகு ஊர் என முழு முகவரியோடுதான் சொல்லும்: உய்யக்கொண்டார் வளநாட்டுத் திரைமூர் நாட்டுத் திருவிடைமருதூர். அந்த வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே இருப்பதாகவும் கல்வெட்டுகளே சொல்கின்றன. இப்போது வரைபடத்தைத் திறந்து திருவிடைமருதூரைப் பாருங்கள். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. அரசலாறுதான் அன்றைய அரிசில். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முகவரி திரையில் அப்படியே பொருந்தி நின்றதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கல்வெட்டறிஞர் சுப்பராயலு கணினி எதுவும் கைக்கு வராத காலத்திலேயே சோழநாட்டின் நாடுகளை இப்படி ஊர் ஊராக வரைபடத்தில் குறித்துக் காட்டியவர். நாடு என்பது உழுகுடி ஊர்கள் சேர்ந்து வளர்ந்த தொகுதி. அதனால் ஆற்றின் இரு கரையிலும் பரவிக் கிடக்கும் நாடுகள் உண்டு. வளநாடு முதலாம் இராசராசன் காலத்தில் அரசு வகுத்த பிரிவு. அதற்குப் பெரும்பாலும் ஆறுதான் எல்லை. கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தவரை இந்த வேறுபாடு எனக்கு உறைக்கவே இல்லை. நாட்டுக்கு ஒரு நிறம் கொடுத்து ஊர்களைக் குறித்த பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது.

என் தவறுகளையும் வரைபடமே காட்டிக்கொடுத்தது. நல்லூர், புத்தூர் போன்ற பெயர்கள் டெல்டாவில் எத்தனையோ. தேடலில் முதலில் வந்த ஒரு நல்லூரில் புள்ளி வைத்துவிட்டேன். நிறம் கொடுத்ததும் அந்த ஒரு புள்ளி மட்டும் தன் நாட்டு ஊர்களை விட்டு வெகுதூரத்தில் தனியே நின்றது. திரும்பப் போய்க் கல்வெட்டைப் பார்த்தேன். அது வேறு நல்லூர்.

இன்னொன்று, பின்னணியில் இருக்கும் இன்றைய வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயைப் பார்த்தால் இராசராசன் காலத்து நீர்வழி என்றே தோன்றும். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்த கால்வாய் அது. ஊர்மக்கள் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். சோழர் காலத்துக்கு வரையும்போது நான் இந்தக் கால்வாயை அடுக்கிலிருந்தே எடுத்துவிடுவேன்.

மென்பொருளைவிட அதிக நேரம் அட்டவணைக்குக் கொடுங்கள். ஊர், நாடு, வளநாடு, கல்வெட்டு எண், ஆண்டு, இன்றைய இடம், அந்த இடம் உறுதியா ஊகமா என எல்லாவற்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வேண்டும். ஆண்டை விட்டுவிட்டால் பெரிய குழப்பம் வரும். திருநறையூர் நாடு முதலில் க்ஷத்திரியசிகாமணி வளநாட்டில் இருக்கும், முதலாம் குலோத்துங்கனுக்குப் பிறகு குலோத்துங்கசோழ வளநாட்டில் இருக்கும். நிலம் ஒன்றுதான், வளநாட்டின் பெயர்தான் மாறியது. ஆண்டு இல்லாத அட்டவணையில் அது இரண்டு வட்டாரமாகத் தெரியும்.

அட்டவணைக் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் உடைந்துபோகும். அட்டவணையை மென்பொருளில் ஏற்றும்போது எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகை, ஒய்யில் அட்சரேகை. மாற்றிப் போட்டால் தஞ்சாவூர் வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளருகே போய் விழும்.

தொடங்கும்போது ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருநறையூர் நாடு என்றால் கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோவிலைச் சுற்றி முப்பது நாற்பது பெயர்களோடு ஆரம்பிக்கலாம். திரையில் தேடிக் கிடைக்காத பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். ஊர்ப்பெயரோடு வாய்க்கால் பெயரையும் வயலில் நிற்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். நில எல்லை சொல்லும்போது கல்வெட்டு குறிப்பிடும் சின்ன வாய்க்கால்கள் இணைய வரைபடத்தில் பெரும்பாலும் பெயரில்லாத நீலக் கோடாகத்தான் இருக்கும். சில அதுவாகக்கூட இருக்காது.